கட்டிலைவிட்டு எழும்பட்டும்

(ஆதரவாளர் கூட்டத்தில் மருத்துவமனைச் சாப்ளின் ஆற்றிய உரை)



சிறுநீரகம் செயலிழந்தவர்களைப்பற்றிச் சில வார்த்தைகள் சொல்லும்படி கேட்டிருக்கிறார்கள். வைத்தியத்தை டாக்டர்கள் சொல்லட்டும். கட்டிலருகே நிற்கிறவனாக நான் கண்ட ஒரு காரியத்தைச் சொல்லுகிறேன். நம்முடைய அன்பே பல சமயம் இவர்களைப் படுக்கையில் போட்டுவிடுகிறது.

வாரத்துக்கு மூன்று டயாலிசிஸ், ஒவ்வொன்றும் நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 12 மணி நேரம். வாரத்தில் இருப்பதோ 168. மீதி 156 மணி நேரம் அந்த மனுஷன் என்ன செய்கிறார்? துறைமுகத்தில் மூட்டை சுமந்தவராயிருப்பார். பார்க்க வருகிறவர்களெல்லாம், "அண்ணாச்சி, அசையாதீங்க, பேசாமப் படுங்க" என்கிறார்கள். வீட்டம்மா தண்ணீர்ச் செம்பைக்கூட எடுக்கவிடுவதில்லை. சில மாதங்களில் தொடைச் சதை வற்றிவிடும். பஸ் படி ஏற இரண்டு பேர் பிடிக்கவேண்டும். "நோய் முற்றிவிட்டது" என்கிறோம். அதில் நோயின் பங்கு எவ்வளவு, படுக்கையின் பங்கு எவ்வளவு என்று யார் பிரித்துச் சொல்லுவது?

இத்தாலியில் ஒரு சோதனை செய்து 2017-இல் வெளியிட்டார்கள். டயாலிசிஸ் நோயாளிகளில் ஒரு சாராரை, டயாலிசிஸ் இல்லாத நாட்களில் வீட்டிலேயே பத்துப் பத்து நிமிஷமாக இரண்டு வேளை மெதுவாய் நடக்கச் சொன்னார்கள். ஆறு மாதம் சென்றபின் பார்த்தால், ஆறு நிமிஷத்தில் சராசரி 328 மீட்டர் நடந்தவர்கள் 367 மீட்டர் நடந்தார்கள். நடக்காத சாரார் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருந்தார்கள். வித்தியாசம் 39 மீட்டர்தானே என்று நமக்குத் தோன்றும். வீட்டு வாசலிலிருந்து பஸ் நிறுத்தம்வரை தானாக நடந்து போகிறவருக்கு அதன் அருமை தெரியும்.

நம் தேசத்தில் யாவரும் அறிந்த ஓர் உதாரணம் ஜெயப்பிரகாஷ் நாராயண். 1975 ஜூனில், நெருக்கடி நிலைக் காலத்தில், அவரைக் கைதுசெய்தார்கள். காவலில் இருக்கும்போதே சிறுநீரகங்கள் கெட்டன. நவம்பரில் விடுதலையாகி பம்பாய் ஜஸ்லோக் மருத்துவமனைக்கு வந்தார். அப்போது வயது 73. அதுமுதல் டயாலிசிஸிலேயே உயிர்வாழ்ந்தார். நாடெங்கும் ஜனங்கள் சிறு சிறு தொகையாகப் போட்டு அவருக்கென்று ஓர் இயந்திரம் வாங்கினார்கள். காணிக்கை கொடுக்கிற உங்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. 1977 தேர்தலிலோ, ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததற்கும் நடுவே பிரயாணம்செய்து அவர் கூட்டங்களில் பேசினார். அவர் அரசியலை நீங்கள் ஏற்கலாம், ஏற்காமலும் இருக்கலாம், அது என் பேச்சல்ல. 1979 அக்டோபரில் பாட்னாவில் காலமானார். சுகமானார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஏறக்குறைய நான்கு வருஷம் படுத்திருக்கவில்லை.

மாற்றுச் சிறுநீரகத்துக்கு நம்மிடையே அறியப்பட்டவர் எம்.ஜி.ஆர். 1984 டிசம்பரில் நியூயார்க்கில் அண்ணன் மகள் கொடுத்த சிறுநீரகத்தோடு திரும்பிவந்து, 1987-இல் மரிக்கும்வரை முதலமைச்சராக வேலைசெய்தார். அமெரிக்கா போகக்கூடியவர்களுக்குத்தான் அது என்று நினையாதேயுங்கள். நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1971-லேயே அந்த ஆபரேஷனைச் செய்தார்கள்.

சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவை நினைத்துப்பார்க்கிறேன். சாகவேண்டுமென்று கேட்டவரிடம் தூதன் வாதாடவில்லை. தூங்கவிட்டான், எழுப்பினான், சாப்பிடக் கொடுத்தான், மறுபடியும் அப்படியே செய்தான், பிறகு நடக்கவிட்டான். ஓய்வும் உண்டு, நடையும் உண்டு.

ஆனாலும் கண்மூடித்தனமாய் ஒருவரையும் விரட்டக்கூடாது. டாக்டரைக் கேட்ட பிறகுதான் நடை. டயாலிசிஸ் முடிந்த கையோடு ரத்த அழுத்தம் இறங்கியிருக்கும், அன்று ஓய்வே நல்லது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், தலைசுற்றல் என்றால் நின்றுவிடவேண்டும். சோர்வுக்கு ரத்தசோகை காரணமாயிருக்கலாம், அதற்கு மருந்து உண்டு, சோம்பேறி என்று பட்டம் கட்டாதேயுங்கள். ஊசிபோடுகிற ஃபிஸ்டுலா கையில் பையைத் தொங்கவிடக்கூடாது. அந்தக் கைக்கு மெத்தென்ற பந்து ஒன்றைப் பிசையக் கொடுப்பது நல்லது என்று நர்ஸம்மாமார் சொல்லுவார்கள்.

நலம் விசாரிக்க வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இளநீர் கொண்டுவராதேயுங்கள்! அதிலுள்ள பொட்டாசியத்தை வெளியேற்ற இவர்களுக்குச் சிறுநீரகம் இல்லை. அது ரத்தத்தில் ஏறினால் இருதயமே நின்றுபோகக்கூடும். ஆரஞ்சும் வாழைப்பழமும் அப்படியே. உப்பு விளைகிற ஊரிலே உப்பைக் குறைக்கச் சொல்லுவது கடினம்தான், கருவாடும் ஊறுகாயும் இல்லாமல் நமக்குச் சோறு இறங்காது. அதற்காக, சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதை வாங்கிக்கொடுத்தால் அதிலும் பொட்டாசியம் இருக்கிறது.

மன தைரியத்தைப்பற்றியும் சொல்லவேண்டும். "தைரியமாயிருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. "ஐயா, இது இன்னும் எத்தனை நாளைக்கு?" என்று ஒருவர் கேட்கும்போது அந்த வார்த்தை அவருக்குப் போதாது. அப்படிக் கேட்கிறவரிடம், "வாரும், வராண்டாக் கோடிவரை போய்வருவோம்" என்பேன். கட்டிலருகே உட்கார்ந்தால் பேசாதவர், பக்கத்தில் நடக்கும்போது பேசுவார். கடனைப்பற்றி, மகள் கலியாணத்தைப்பற்றி, மரணத்தைப்பற்றி. முகத்தை முகம் பார்க்கவேண்டியதில்லை அல்லவா? சிலருக்கு மனச்சோர்வு ஆழமாயிருக்கும். அதை டாக்டரிடம் சொல்லுவதில் விசுவாசக் குறைவு ஒன்றுமில்லை.

நம் கடற்கரையில் முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுபோயிற்று. மைத்துனனைத்தான் கயிறுபிடிக்க வைப்பார்கள் என்று பழைய ஆட்கள் சொல்லுவதுண்டு. கயிறுபிடிக்கிறவர் படகை விட்டு இறங்குவதில்லை. முங்குகிறவனுக்காகத் தான் முங்குவதுமில்லை. கயிறு அசைந்தால் இழுக்கவேண்டும், அவ்வளவே. வீட்டாருக்கும் நமக்கும் உள்ள வேலை அது. செம்பை அவரே எடுக்கட்டும். அளவு தவறினால் சொல்லுவோம்.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் செலவுக்கு வழி உண்டு. ஆனால் வாரம் மூன்று நாள் பஸ் கட்டணமும், கூட வருகிறவர் இழக்கும் கூலியும் குடும்பத்தை உருக்கிவிடுகிறது. உங்கள் காணிக்கை அங்கே மிகவும் தேவைப்படுகிறது. பணத்தோடு இன்னொன்றும் கேட்கிறேன். உங்கள் தெருவில் டயாலிசிஸுக்குப் போய்வருகிறவர் யாராவது இருந்தால், டாக்டர் சம்மதித்தபின், வெயில் ஏறுமுன் முத்துநகர் கடற்கரைக்கோ ரோச் பூங்காவுக்கோ கூட்டிப்போங்கள். பத்து நிமிஷம் போதும். திரும்பிவந்ததும் தாகமென்பார், வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள், சொம்பு நிறையக் கொடுத்துவிடாதேயுங்கள். முதல் நாள் மாட்டேன் என்பார். மறுநாளும் போய்க் கூப்பிடுங்கள்.