கப்பலில் வந்த காட்டேரி

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ரேஷன் கார்டு, தண்ணீர்க் குழாய், பிள்ளைகளின் பள்ளிக்கூட இடம் என்று பேசுகிற இந்த மேடையில் பேய்க்கதைக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கக்கூடும். வேலை இருக்கிறது. பிழைக்க வந்தவனை ஊரார் எந்தக் கண்கொண்டு பார்க்கிறார்கள் என்பது அந்தக் கதைக்குள் இருக்கிறது.

நம் பாட்டிமார் சொன்ன காட்டேரி உள்ளூர்க்காரி. ஊர் எல்லையில் ஒரு புளியமரம், இல்லையேல் ஒரு பாழுங்கிணறு. அங்கேதான் அவள் வாசம். படையல் போட்டு அவளைச் சமாதானம் செய்யவும் வழி உண்டு. ஆனால் சினிமாக் கொட்டகையில் நாம் பார்த்துப் பயந்த டிராகுலா, சொத்து வாங்கிக்கொண்டு, கப்பலேறி, இன்னொரு நாட்டுக்குக் குடிவருகிறவன்.

1897-இல் பிராம் ஸ்டோக்கர் எழுதிய நாவல் அது. கிழக்கு ஐரோப்பாவில் திரான்சில்வேனியா மலைநாட்டுப் பிரபு ஒருவன் இலண்டன் பக்கத்தில் ஒரு பழைய வீட்டை வாங்குகிறான். பத்திர வேலைக்காக ஓர் இளம் ஆங்கில வக்கீல் அவன் கோட்டைக்குப் போகிறார். அங்கே அவர் காண்பது என்ன? ஆங்கிலப் புத்தகங்கள், பத்திரிகைகள், இங்கிலாந்தின் ரயில் நேர அட்டவணை. அந்தப் பிரபு உட்கார்ந்து ஆங்கிலம் பழகுகிறான். சொந்த ஊரில் நான் பெரிய மனிதன், அந்நிய ஊரில் என்னை யார் அறிவார், என் பேச்சைக் கேட்டதும் வெளியூரான் என்று எவரும் கண்டுகொள்ளக் கூடாது என்ற பொருளில் அவனே பேசுகிறான்.

தோழர்களே, இது காட்டேரி பேசுகிற பேச்சா? ரயிலை விட்டிறங்கிய முதல் மாதத்தில் நம்மில் யார் இப்படி நினைக்கவில்லை? மராத்தியில் விலை கேட்பதற்கு முன் மனத்துக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டவர்கள் நாம். இன்னொன்றும் உண்டு. சொந்த மண்ணில் படுத்தால்தான் அவனுக்கு உறக்கம். அதனால் ஐம்பது பெட்டிகளில் ஊர் மண்ணை நிரப்பிக்கொண்டு வருகிறான்.

இதற்கு 78 ஆண்டுகளுக்கு முன், 1819-இல், ஆங்கிலத்தில் பேர்பெற்ற முதல் காட்டேரிக் கதையை பாலிடோரி என்ற மருத்துவர் எழுதினார். அதில் இரத்தம் குடிப்பவன் ஓர் ஆங்கிலப் பிரபு. உள்ளூர்ப் பெரிய மனிதன். 1897-இல் அவன் வெளிநாட்டான் ஆகிவிட்டான். இடையில் நடந்தது என்ன?

1881-இல் ரஷ்யப் பேரரசில் யூதர்கள் மீது கலவரங்கள் வெடித்தன. அடியும் வறுமையும் தாங்காமல் ஓடியவர்களில் 1914-க்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பிரிட்டனில் குடியேறினார்கள். கிழக்கு இலண்டனில் ஒரே அறையில் தையலும் சமையலும் தூக்கமுமாக வாழ்ந்தார்கள். வாடகை ஏறினால் அவர்கள் மேல் பழி. கூலி இறங்கினால் அவர்கள் மேல் பழி. 1888-இல் ஒயிட்சாப்பலில் பெண்கள் கொல்லப்பட்டபோது சந்தேகமும் அவர்கள் மேலேயே விழுந்தது. நாவலில் டிராகுலாவின் மண்பெட்டிகளில் ஆறு எங்கே போய்ச் சேருகின்றன தெரியுமா? அதே கிழக்கு இலண்டனில், யூதக் குடும்பங்கள் நெருக்கியடித்துக் கிடந்த ஒரு தெருவுக்கு.

வெறுப்பை வளர்க்கவே ஸ்டோக்கர் எழுதினார் என்று நாம் சொல்லவில்லை. அவரும் பிழைக்கப் போனவர்தான்; 1878-இல் அயர்லாந்திலிருந்து இலண்டன் நாடகக் கொட்டகைக்கு மானேஜராக வந்தவர். 1885-இல் ‘பஞ்ச்’ என்ற இலண்டன் கேலிப் பத்திரிகை அயர்லாந்தின் தேசிய இயக்கத்தையே இரத்தம் குடிக்கும் வௌவாலாகப் படம் போட்டது. ஆக, காட்டேரி வேஷம் ஓர் ஆளுக்கென்று தைத்த சட்டை அல்ல. யார் புதிதாக வந்தாலும் அவர் மேல் மாட்டிவிடுவார்கள்.

நாவல் வந்து எட்டே ஆண்டுகளில், 1905-இல், பிரிட்டன் அந்நியர் சட்டம் கொண்டுவந்தது. கப்பலின் அடித்தட்டில் வந்த ஏழைப் பயணிகளைச் சோதித்துத் திருப்பி அனுப்ப அதில் வழி இருந்தது. மேல்தட்டு அறையில் டிக்கெட் எடுத்து வந்த அந்நியருக்கு அந்தச் சோதனை இல்லை! நாவலிலும் அதே கணக்குத்தான். டிராகுலாவை வேட்டையாடும் கூட்டத்தில் ஒரு டச்சுப் பேராசிரியரும் ஒரு பணக்கார அமெரிக்கரும் இருக்கிறார்கள். அவர்களும் அந்நியரே. அவர்களைக் கண்டு எவரும் நடுங்கவில்லை.

அப்படியானால் இரத்தம் உறிஞ்சுவது யார்? ஒரு காட்சியில் டிராகுலாவைக் கத்தியால் வெட்டுகிறார்கள். வெட்டு அவன் கோட்டில் விழுகிறது. கொட்டுவது இரத்தமல்ல, தங்கக் காசும் நோட்டுக் கட்டும். இந்த நாவலுக்கு 30 ஆண்டுகளுக்கு முன்பே, 1867-இல், அதே இலண்டனில் அகதியாக வாழ்ந்த கார்ல் மார்க்ஸ், உயிருள்ள உழைப்பை உறிஞ்சி வாழும் காட்டேரி என்று மூலதனத்தைத்தான் சுட்டிக்காட்டினார்.

இதை நம் ஊர்க் கணக்கில் பாருங்கள். 1966-க்குப் பின் இந்த நகரத்தில், அன்றைய பம்பாயில், வேலையெல்லாம் மதராசிகள் பறித்துக்கொண்டார்கள் என்ற கூச்சல் எழுந்தது. நம் லுங்கி கேலிப்பொருள் ஆனது. உடுப்பி ஓட்டல்கள் தாக்கப்பட்டன. அந்த நாளில் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். பிறகு 1982-இல் சுமார் இரண்டரை லட்சம் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அடுத்த ஆண்டுகளில் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. ஆலை நிலத்தில் மால்களும் மாடிக் கோபுரங்களும் எழுந்தன. மராட்டியத் தொழிலாளியின் சோற்றைப் பறித்தது லுங்கி கட்டியவனா? 2008-இல் அதே பழி உத்தரப் பிரதேச, பீகார்த் தொழிலாளர் தலையில் விழுந்தது, அடியோடு சேர்த்து.

இதோடு நிறுத்தினால் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஆனால் நம் வீட்டுக் குப்பையையும் கூட்ட வேண்டும்.

2018-இல் தமிழ்நாட்டில் வாட்ஸ்அப் வழியே ஒரு வதந்தி பரவியது: பிள்ளை பிடிக்கும் வடநாட்டுக் கும்பல் வந்திருக்கிறது என்று. மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர்ப் பக்கம் ஒரு குடும்பம் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. வழியில் நின்ற குழந்தைகளுக்கு அந்தக் குடும்பத்து மூதாட்டி சாக்லேட் கொடுத்தார். ஊர் திரண்டு அடித்ததில் அந்தத் தாய் இறந்துபோனார். அவர் வடநாட்டவரும் இல்லை. சென்னையிலிருந்து வந்த தமிழ்ப் பெண்மணி. வடநாட்டவராகவே இருந்திருந்தால் மட்டும் என்ன நியாயம்?

2023 மார்ச்சில் காற்று எதிர்ப்பக்கம் வீசியது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் கொல்லப்படுகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் வடக்கே பரவின. தொழிலாளர் பலர் மூட்டை கட்டிக்கொண்டு ரயிலேறினார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் வந்து விசாரித்தார்கள். வீடியோக்கள் பொய் என்று தெரிந்தது. அந்தத் தடவை காட்டேரி நாம்! அந்தப் பொய்யை நம்பி அழுத தாய் பீகார்க் கிராமத்தில் இருந்தாள்; 1960-களில் பம்பாய்ச் செய்தி கேட்டு அழுத நம் தாய் திருநெல்வேலியில் இருந்தாள். இரண்டு கண்ணீருக்கும் என்ன பேதம்?

ஆகவே சங்கத்தின் சார்பில் நாம் கேட்டுக்கொள்வது சிறியதுதான். வெளியூரான் வந்தான், பிள்ளையைத் தூக்கினான், நோய் கொண்டுவந்தான் என்று செல்போனில் சேதி வந்தால், எந்த ஊர், எந்த நாள், யார் பார்த்தது என்று கேளுங்கள். பதில் இல்லாத சேதியை இன்னொருவருக்கு அனுப்பாதீர்கள். ஊரில் இருக்கும் தம்பி தங்கைகளிடமும் இதைச் சொல்லுங்கள். ‘வடக்கன்’ என்று அவர்கள் சொல்லும்போது, ‘மதராசி’ என்ற சொல் நம் காதில் எப்படி விழுந்தது என்பதை எடுத்துச் சொல்லுங்கள்.

நம் சந்துகளில் இப்போது பீகார்க் குடும்பங்களும் குடிவருகின்றன. நாம் வந்தபோது அடுத்த வீட்டு மராட்டிய அம்மாள் முதல் குடம் தண்ணீர் கொடுத்ததை நம்மில் பலர் மறக்கவில்லை. அந்தக் குடத்தை இனி நாம் தூக்க வேண்டும்.