கருந்துளைக்குள் எத்தனை நிலைகள்?



சூடான காப்பி ஆறிவிடுகிறது. ஆறிய காப்பி தானாகச் சூடேறுவதில்லை. இந்த ஒருவழிப் போக்கை அளக்கும் அளவுக்கு என்ட்ரோப்பி என்று பெயர். அதன் உட்பொருளை விளக்கியவர் ஆஸ்திரிய அறிஞர் லுட்விக் போல்ட்ஸ்மான் (1844–1906).

நான்கு காசுகளைச் சுண்டுவோம். நான்கும் தலையாக விழ ஒரே வழிதான் உண்டு. இரண்டு பூ, இரண்டு தலை என விழ ஆறு வழிகள் உண்டு. வெளித்தோற்றம் ஒன்று, உள்ளமைப்புகள் பல. அவற்றின் எண்ணிக்கைக்கு மடக்கை கண்டால் என்ட்ரோப்பி கிடைக்கும். வியன்னாவில் போல்ட்ஸ்மானின் கல்லறையில் இந்தச் சூத்திரமே பொறிக்கப்பட்டிருக்கிறது.

இனிக் கருந்துளைக்கு வருவோம். ஒளியும் தப்ப முடியாத இடம் அது. நிறை, மின்னூட்டம், சுழற்சி ஆகிய மூன்றையன்றி வெளியே வேறு அடையாளம் தெரியாது. அந்தச் சூடான காப்பியை அதற்குள் கொட்டினால், அதன் என்ட்ரோப்பி எங்கே போயிற்று? உலகின் மொத்த என்ட்ரோப்பி குறையாது என்னும் விதி பொய்த்துவிடுமா?

பொய்க்காது என்றார் ஜேக்கப் பெக்கன்ஸ்டைன். கருந்துளைக்கும் என்ட்ரோப்பி உண்டு, அது மேற்பரப்பின் அளவைப் பொறுத்தது என்று 1972-இல் எடுத்துரைத்தார். 1974-இல் ஸ்டீபன் ஹாக்கிங், கருந்துளைக்கு வெப்பநிலையும் உண்டு எனக் கணக்கிட்டார். அதிலிருந்து துல்லியமான அளவு கிடைத்தது: பிளாங்க் அலகில், மேற்பரப்பின் நான்கில் ஒரு பங்கு. சூரியனின் நிறையுள்ள கருந்துளைக்கு அது ஏறத்தாழ 1-க்குப் பின் 77 சுழியங்கள் கொண்ட எண்!

ஆனால் இது அரிசி மூட்டையை நிறுத்துப் பார்த்தது போன்றதுதான். உள்ளே இருக்கும் மணிகளை எண்ணியவர் யார்?

இழைக் கோட்பாட்டின்படி, துகள்கள் யாவும் நுண்ணிய இழைகளின் அதிர்வுகள். இழைகளின் முனைகள் பற்றி நிற்கும் பரப்புகளை டி-பிரேன் என்பர். இந்திய அறிஞர் அசோக் சென் 1995-இல் எண்ணும் வழிக்கு அடிகோலினார். 1996-இல் ஆண்ட்ரூ ஸ்ட்ராமிங்கர், கம்ரூன் வாஃபா இருவரும் ஐந்து பரிமாணமுள்ள, மின்னூட்டம் நிறைந்த, தனித்தன்மை வாய்ந்த ஒரு கருந்துளையை எடுத்துக்கொண்டனர். இழைகள் ஒன்றோடொன்று கொள்ளும் பிணைப்பைக் கணக்கில் குறைத்துக்கொண்டே போனால் அது டி-பிரேன்களின் கூட்டமாகத் தெரியும். மீச்சமச்சீர்மை என்னும் பண்பினால், அவ்வாறு குறைத்தாலும் எண்ணிக்கை மாறுவதில்லை. ஆகவே குவாண்டம் நிலைகளை எண்ணி மடக்கை கண்டனர். மேற்பரப்பில் நான்கில் ஒரு பங்கு, அப்படியே வந்தது! எடையும் மணிகளின் எண்ணிக்கையும் ஒத்துப்போயின.

ஒன்றை நாம் மறக்கலாகாது. 2019-இல் படம் வெளியான எம்87 கருந்துளை போன்றவை இந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. அவற்றின் நிலைகளை இவ்வளவு துல்லியமாக இன்னும் எவரும் எண்ணி முடிக்கவில்லை. இழைக் கோட்பாடும் சோதனையால் நிறுவப்படவில்லை.

ஆயினும், காப்பிக் கோப்பைக்கும் கருந்துளைக்கும் ஒரே விதி பொருந்தும் என்னும் நம்பிக்கை இந்தக் கணக்கால் வலுப்பெற்றது. எண்ணத் தெரிந்த மாணவனுக்கு அடுத்த கணக்கு காத்திருக்கிறது.