மதுவம் பகையாகும் வேளை

ஈஸ்ட் எனப்படும் மதுவத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால், அப்பத்துக்குக் கரைத்த மா பொங்குவதும், பாணுக்குப் பிசைந்த மா உப்புவதும், கள் நுரைப்பதுமே நம் நினைவுக்கு வருவன. மனிதனுக்கு நெடுங்காலம் ஊழியஞ் செய்துவரும் இந்நுண்ணுயிர் வகையில், நம் உடலையே உறைவிடமாகக் கொண்டவை சிலவும் உள. அவற்றுள் முதன்மையானது கன்டிடா அல்பிகன்ஸ். நலமுடன் இருப்போர் பலரின் வாயிலும் குடலிலும் அது யாதொரு தீங்குஞ் செய்யாது வாழ்கின்றது. அங்ஙனம் அடங்கியிருப்பது நோயாக மாறுவது எவ்வாறு? இதுவே இன்றைய பேச்சின் பொருள். நான் விஞ்ஞானியல்லன், கலை பயின்ற ஆசிரியன். ஆயினும், கதையில் நல்லவன் தீயவனாகும் இடத்தைத் தேடுவது எம்போன்றோர்க்கு வழக்கமாதலின், இப்பொருள் என் உள்ளத்தைக் கவர்ந்தது.

பச்சைக் குழந்தையின் நாவில் வெண்படையாகப் படிந்து, பால் அருந்தவும் இடந்தராத அக்கரத்தைத் தாய்மார் அறிவர். அவ்வெண்படை பெரும்பாலும் இம்மதுவத்தின் செயலே. 1839 ஆம் ஆண்டிலேயே லாங்கன்பெக் என்னும் ஜெர்மானிய மருத்துவர், நோயாளி ஒருவரிடத்து இத்தகைய வெண்படையில் பங்கசு இருத்தலைக் கண்டு எழுதினார். எனினும், அது உடலைப் புண்படுத்தும் வகை நெடுங்காலம் தெளிவாகவில்லை.

அமைதியான காலத்தில் இம்மதுவம் முட்டை வடிவான தனிக் கலங்களாக வாழும். தருணம் வாய்த்ததும் நூல்போல் நீண்டு, வாயின் மென்படைக்குள் ஊடுருவும். ஊடுருவினால் மட்டும் போதாது. தாக்குதற்குக் கருவியும் வேண்டுமன்றோ? அக்கருவிகள், அது தன் கலத்தினின்று வெளியே சுரக்கும் புரதங்களேயாம்.

அவற்றுள் ஒரு வகை, பிற புரதங்களை அறுக்கும் நொதியங்கள். பத்து உறுப்புக்கள் கொண்ட குடும்பம் இது. பெரும்பாலானவை கலத்தை விட்டு வெளியேறுவன. நம் உடலைக் காக்கும் சளிப்படையின் புரதங்களையும், நோயெதிர்ப்புப் புரதங்களையும் இவை சிதைக்க வல்லன.

மற்றொன்று, 2016 ஆம் ஆண்டில் இலண்டன் கிங்ஸ் கல்லூரியினரும் ஜெர்மனியின் ஜேனா நகர ஆய்வாளரும் பிறரும் சேர்ந்து வெளியிட்ட கண்டுபிடிப்பு. கன்டிடலைசின் எனப் பெயரிடப்பட்ட இந்நஞ்சு, 31 அமினோ அமிலங்களே கோத்த சிறு சரம். மதுவம் நூலாக நீளும்போது ஒரு பெரிய புரதத்தை ஆக்குகின்றது; அது துண்டுகளாக வெட்டப்படுகையில் இந்நஞ்சு பிறக்கின்றது. பின்னர் இது நம் கலத்தின் மென்சவ்விலே துளையிடுகின்றது. உள்ளிருப்பவை கசியக் கலம் மடிகின்றது. இந்நஞ்சை ஆக்கும் பகுதியை மட்டும் நீக்கிய மதுவத்தையும் ஆய்வாளர் சோதித்தனர். அது முன்போலவே நூலாக நீண்டது, ஊடுருவவுஞ் செய்தது, ஆனால் கலங்களைச் சேதப்படுத்தவில்லை. குற்றவாளி யார் என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுமோ?

இதில் வியப்பொன்று உண்டு. இந்நஞ்சு படும்போதே நம் கலங்கள் ஆபத்தை உணர்ந்து, வெண்குருதிக் கலங்களை உதவிக்கு அழைக்கின்றன. தாக்கும் கருவியே காவலரை எழுப்பும் மணியாகின்றது. சும்மா குடியிருப்பதையும் பகைமை பூண்டதையும் உடல் வேறுபடுத்தி அறிவதற்கு இதுவும் ஒரு வழி.

இவையெல்லாம் ஆய்வுகூடத்தார்க்கு மட்டும் உரியவை என எண்ணற்க. உடல் தளர்ந்தோரின் இரத்தத்திற் புகுந்தால் இம்மதுவம் உயிரையே போக்கவல்லது. உலக சுகாதார நிறுவனம் 2022 இல் வெளியிட்ட பங்கசுப் பட்டியலில், மிக முதன்மையான நான்கினுள் இதனையும் சேர்த்துள்ளது. மருந்துகளோ சிலவே. பற்றீரியாவின் கலம் நம் கலத்தினின்று பெரிதும் வேறுபட்டது. பங்கசின் கலமோ நம் கலத்தை ஒத்தது. ஆதலால், அதனைக் கொல்லும் மருந்து நம்மையும் வருத்தக்கூடும். 1950 இல் அமெரிக்கப் பெண் விஞ்ஞானிகளான எலிசபெத் ஹேசனும் ரேச்சல் பிரவுனும் நிஸ்டற்றினை அறிவித்த பின்னரும் இத்தடை நீங்கவில்லை. எனவேதான், மதுவத்தைக் கொல்லாது அதன் நஞ்சை மட்டும் செயலிழக்கச் செய்யும் வழியை அறிஞர் நாடுகின்றனர்.

அவ்வழி கைகூடும் வரை நாம் செய்யத்தக்கது யாது? மதுவத்துக்குத் தருணம் அளியாதிருத்தலே. பற்றீரியாவைக் கொல்லும் மருந்துகள் மதுவத்தைக் கொல்லா. அதனை அடக்கிவைக்கும் நல்ல பற்றீரியாக்களையே அழிக்கும். எனவே, வைத்தியர் சொல்லாமல் அவற்றை உண்ணலாகாது. நீரிழிவுடையோர் அதனைக் கட்டுப்பாட்டில் வைத்தல் வேண்டும். கட்டுப்பல் அணிவோர் இரவிற் கழற்றிச் சுத்தஞ் செய்க. தொய்வுக்கு ஸ்ரீரொயிட் மருந்தை உறிஞ்சுவோர் பின்னர் வாய் கொப்பளித்தல் நன்று. வாயில் வெண்படை தோன்றி நீங்காதிருப்பின், சிறு புண்ணென்று விட்டுவிடாது வைத்தியரிடம் காட்டுக.