முதுமையும் துவிச்சக்கரவண்டியும்

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட பேச்சின் எழுத்துருவம்)



இருபது வயதைச் சற்றே தாண்டிய நாம், அறுபதைக் கடந்த பெரியோர் முன்னிலையில் தேகாப்பியாசம் பற்றிப் பேச எழுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலத் தோன்றலாம். அதிலும் துவிச்சக்கரவண்டியைப் பற்றி யாழ்ப்பாணத்துப் பெரியோருக்கு எடுத்துரைப்பது இன்னும் துணிச்சலான காரியமே. நாம் பிறப்பதற்கு முன்னரே அதில் பாடசாலைக்குப் போனவர்கள் நீங்கள், உத்தியோகத்துக்குப் போனவர்கள், முன்னே ஒரு பிள்ளையும் பின்னே ஒரு நெல்மூட்டையும் ஏற்றிச் சென்றவர்கள். 1990 ஆம் ஆண்டிலிருந்து பல வருடங்கள் பெற்றோல் வராத குடாநாட்டில், நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றதும் அந்த வண்டியே. இடம்பெயர்ந்த குடும்பத்தின் பாயையும் பானையையும் சுமந்ததும் அந்த வண்டியே.

அப்படியானால் இன்று நாம் எழுந்து நிற்பதன் காரணம் யாது? அந்த வண்டி இன்று எங்கே இருக்கிறது என்பதே எமது கேள்வி. எத்தனையோ வீடுகளில் அது கோடிப்புறத்துச் சுவரில் சாய்ந்து, ரயரில் காற்றின்றி, செயினில் துருவேறி நிற்கின்றது. இளைப்பாறியதும் பலர் முதலில் இளைப்பாற விடுவது வண்டியைத்தான். பிள்ளை வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பணத்தில் மோட்டார் சைக்கிள் வந்துவிடுகிறது; இல்லையேல் முச்சக்கரவண்டிக்காரரின் தொலைபேசி இலக்கம் சுவரில் எழுதப்படுகிறது. சந்திக்கடை முந்நூறு யார் தூரம். அதற்கும் இயந்திரம் வேண்டியிருக்கிறது. வண்டி துருப்பிடிக்கும் அதே வேகத்தில் முழங்காலும் துருப்பிடிக்கின்றது. வயிறு முன்னே வருகிறது. சலரோகமும் இரத்த அழுத்தமும் அழையா விருந்தாளிகளாக வந்து தங்கிவிடுகின்றன.

இதனை உடலழகு பற்றிய விஷயமாக நாம் கருதவில்லை. பிள்ளைகள் கடல் கடந்து வாழ, தாயும் தகப்பனும் தனித்து வாழும் வீடுகள் எங்கள் ஊர்களில் நிறைய உண்டு. அத்தகைய வீட்டில் ஒருவர் தாமாகச் சந்தைக்கும் கோயிலுக்கும் கிளினிக்குக்கும் சென்று திரும்பக்கூடிய காலமே அவருடைய சுதந்திரத்தின் காலம். கால்கள் தளர்ந்துவிட்டால், பணம் இருந்தும் அவர் பிறர் கையை எதிர்பார்த்து வாசலில் உட்கார்ந்திருக்க வேண்டியவராகிறார். ஆகவே நாம் இன்று பேசுவது அந்தச் சுதந்திரத்தை இன்னும் பத்து வருடம் நீட்டிக்கும் வழியைப் பற்றியே என்க.

“வயது போன பின் தொடங்கி என்ன பயன்?” என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு மூன்று பேருடைய வரலாற்றைச் சொல்ல விரும்புகிறோம்.

முதலாமவர் ருஷிய தேசத்து மேதை டால்ஸ்டாய். அவர் துவிச்சக்கரவண்டி ஓட்டக் கற்றுக்கொண்டது 1895 ஆம் ஆண்டிலே. அப்போது அவருக்கு வயது 66. அதே ஆண்டின் தொடக்கத்தில் தமது ஏழு வயது நிரம்பாத கடைசி மகனை அவர் இழந்திருந்தார். புத்திரசோகத்தில் இருந்த அந்தக் கிழவர், இளைஞர்கள் விழுந்தெழுந்து பழகும் அந்த வண்டியில் ஏறிச் சமநிலை பழகினார். உலகம் போற்றும் எழுத்தாளர் இந்த வயதில் இப்படிச் செய்யலாமா என்று அவர் வெட்கப்படவில்லை.

இரண்டாமவர் அமெரிக்க இருதய வைத்திய நிபுணர் போல் டட்லி வைற். 1955 இல் ஜனாதிபதி ஐசனோவருக்கு மாரடைப்பு ஏற்பட்டபோது வைத்திய ஆலோசனை கூறியவர் இவரே. மாரடைப்பு வந்தவர் வாழ்நாள் முழுவதும் அசையாது கிடக்கவேண்டும் என்று பலரும் எண்ணியிருந்த காலத்தில், அளவான உழைப்பு இருதயத்துக்குப் பகையன்று, நட்பே என்று அவர் வற்புறுத்தினார். சொன்னதோடு நில்லாமல், முதுமையிலும் தாமே வண்டியோட்டிக் காட்டினார்.

மூன்றாமவர் பிரான்சிய தேசத்தவரான றொபேர் மர்ஷான். 1911 இல் பிறந்த இவர், இளமையில் விட்ட சைக்கிளோட்டத்தை அறுபது வயது கடந்த பின்னரே மீண்டும் ஒழுங்காகத் தொடங்கினார். 2012 இல், நூறாவது வயதில், ஒரு மணி நேரத்தில் 24 கிலோமீற்றருக்கு மேல் ஓட்டினார். இரண்டு வருடங்களின் பின், 2014 இல், அதே ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 27 கிலோமீற்றர் ஓட்டினார். நூறு வயதுக்கு மேலே ஒருவர் முன்னையிலும் வேகமாக ஓடினார் என்றால் அதன் இரகசியம் யாது? அதனை விஞ்ஞானிகள் ஆராய்ந்து 2017 இல் வெளியிட்டனர். இடைப்பட்ட காலத்தில் அவர் வருடத்துக்கு ஏறத்தாழ 5000 கிலோமீற்றர் பயிற்சி செய்தார். அதில் ஐந்தில் நான்கு பங்கு இலேசான ஓட்டம். ஒரு பங்கு மாத்திரமே சிரமமான ஓட்டம். அவர் உடம்பு ஒட்சிசனைப் பயன்படுத்தும் உச்ச ஆற்றல், நிறையில் ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு 31 மில்லிலீற்றரிலிருந்து 35 ஆக உயர்ந்திருந்தது. வயதோடு குறையவேண்டிய ஒன்று, பயிற்சியினால் ஏறியது! 2021 இல், 109 ஆவது வயதில், அவர் காலமானார்.

இலண்டனிலும் ஓர் ஆராய்ச்சி நடந்தது. 55 வயது முதல் 79 வயது வரையான 125 சைக்கிளோட்டிகளை அங்குள்ள கிங்ஸ் கல்லூரியினர் சோதித்தனர். 2018 இல் வெளிவந்த முடிவுகளின்படி, வயது ஏறியும் அவர்களுடைய தசையும் பலமும் குன்றவில்லை. நோயெதிர்ப்பு உயிரணுக்களை உண்டாக்கும் தைமஸ் சுரப்பியும் இளைஞருடையது போலவே தொழிற்பட்டது. ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். அவர்கள் நெடுங்காலமாக ஓட்டி வந்தவர்கள். எனவே இடையில் நிறுத்தியவர்க்கும் அதே பலன் முழுவதும் கிட்டும் என்று இதைக்கொண்டு வாதிட முடியாது. தொடங்கினால் முன்னேற்றம் உண்டு என்பதற்கு மர்ஷான் சாட்சி. நிறுத்தாமலிருப்பதே மேல் என்பதற்கு இந்த 125 பேரும் சாட்சி.

இனி, உடல் நிறையைக் குறைக்கும் விஷயத்துக்கு வருவோம். இங்கே பலரும் ஏமாறுவதுண்டு. கணக்கை நேராகப் பார்ப்போம். 70 கிலோ நிறையுள்ள ஒருவர் மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட்டினால் ஏறத்தாழ 400 கலோரி செலவாகும். சும்மா இருந்தாலே 70 கலோரி செலவாகுமாதலால், ஓட்டத்தினால் மேலதிகமாகச் செலவாவது 330 அளவில்தான். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு கரைய 7700 கலோரி செலவாகவேண்டும். நாளொன்றுக்கு அரை மணி நேரமாக வாரத்தில் ஐந்து நாட்கள் ஓட்டுபவர் ஒரு கிலோ இழப்பதற்கு ஒன்பது வாரங்களுக்கு மேல் ஆகும். வருடம் முழுவதும் விடாமல் ஓட்டினால் ஐந்து கிலோ அளவில் குறையலாம். அதுவும் சாப்பாடு கூடாதிருந்தால்.

மறுபக்கத்தையும் பாருங்கள். நாளுக்கு நாலு கோப்பை தேநீர், கோப்பைக்கு மூன்று தேக்கரண்டி சீனி என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 48 கிராம் சீனி. 190 கலோரிக்கு மேல். அரை மணி நேரம் வியர்வை சிந்தி ஓட்டியதை அந்தச் சீனி ஒன்றே சமப்படுத்திவிடுகிறது. ஓடிவந்த களைப்புத் தீர இரண்டு வடையும் கடித்தால் கணக்கு மறுபக்கம் சாய்ந்துவிடும். ஆகவே வண்டி பாதி, வாய் பாதி. சோற்றுக் கோப்பையில் ஓர் அகப்பையைக் குறைத்து, அந்த இடத்தில் கீரையையும் காய்கறியையும் கூட்டி, சீனியைப் படிப்படியாக விட்டு, அதனோடு வண்டியும் ஓட்டுபவரே மெலிவார்.

அப்படியாயின் நிறை மெதுவாகக் குறையும் இந்த முயற்சி எதற்கு என்று சலிக்கவேண்டாம். தராசு காட்டாத நன்மைகள் பல. உழைக்கும் தசை இரத்தத்திலுள்ள சீனியை இன்சுலினின் உதவி குறைவாக இருந்தாலும் இழுத்துக்கொள்ளும். சலரோகக்காரருக்கு இது பெரும் வரம். இரத்த அழுத்தம் தணியும்; நித்திரை நன்றாக வரும்; படியேறும்போது மூச்சு வாங்குவது குறையும். நடக்கும்போது முழங்கால் தாங்கும் பாரத்தைச் சைக்கிளில் சீற் தாங்கிக்கொள்வதால், பருத்த உடம்பினர்க்கும் மூட்டு நோவுள்ளவர்க்கும் அது இசைந்த அப்பியாசமாகும்.

ஆனால் பாரத்தைச் சீற் தாங்கும் காரணத்தினாலேயே எலும்பை உறுதிப்படுத்த அது போதாது. உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, வளர்ந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்புச் செய்யவேண்டும். அத்துடன் தசையைப் பலப்படுத்தும் பயிற்சி இரண்டு நாளாவது வேண்டும். 65 வயது கடந்தவர் சமநிலைக்கான பயிற்சியை வாரத்தில் மூன்று நாளாவது செய்யவேண்டும். தோட்டத்தில் மண்வெட்டி பிடிப்பதும், கிணற்றில் தண்ணீர் அள்ளுவதும், சற்று நடப்பதும் இங்கே கைகொடுக்கும்.

தொடங்க விரும்பும் பெரியோருக்குச் சில குறிப்புகள். முதலில் வைத்தியரைக் காணுங்கள். இருதய நோயோ சலரோகமோ உள்ளவருக்கு இது கட்டாயம். சலரோகத்துக்கு மருந்தெடுப்பவர் சட்டைப்பையில் கொஞ்சம் சீனியோ இனிப்போ வைத்திருக்க வேண்டும். நெஞ்சில் நோவோ தலைச்சுற்றோ வந்தால் அந்த இடத்திலேயே இறங்கி, உதவிக்கு ஆளை அழையுங்கள். இடுப்பு விறைத்தவர்கள் காலைத் தூக்கிப் போட வருந்தவேண்டாம். குறுக்குச் சட்டமில்லாத பெண்கள் சைக்கிள் ஆண்களுக்கும் ஏற்றதே. அதில் வெட்கத்துக்கு இடமில்லை. மிதி அடியில் இருக்கும்போது முழங்கால் சற்றே மடிந்திருக்கும்படி சீற்றை உயர்த்துங்கள். சீற் பதிந்திருந்தால் முழங்கால் நோவெடுக்கும். ரயரில் காற்றும், இரண்டு பிறேக்கும் சரியாக உள்ளனவா என்று ஏறுமுன் பாருங்கள்.

முதல் வாரத்தில் பத்து நிமிடம் போதும். வாரந்தோறும் ஐந்து நிமிடம் கூட்டினால் ஒன்றரை மாதத்துக்குள் அரை மணியைத் தாண்டிவிடலாம். பக்கத்தில் வருபவரோடு கதைத்துக்கொண்டு ஓட்ட முடிகிறதா? அதுவே சரியான வேகம். கதை வராமல் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள். எங்கள் குடாநாட்டில் மலையில்லை. ஆனால் காற்று உண்டு. சோழகம் வீசும் மாதங்களில் போகும்போது காற்றை எதிர்த்துப் போய், களைத்துத் திரும்பும்போது காற்று முதுகில் தள்ள வாருங்கள். வெயில் ஏறுமுன் வீடு திரும்புங்கள். பின்னால் வரும் வாகனத்துக்குத் தெரியும்படி வெள்ளையுடை அணியுங்கள்.

இனி எமது வயதினராகிய தோழர்களுக்கு ஒரு வார்த்தை. 2022 இல் எரிபொருளுக்கு மைல் கணக்கில் வரிசை நின்றபோது நாடெங்கும் சைக்கிளைத் தேடாதவர் இல்லை. அதன் விலையோ எட்டாத உயரம் போனது. வரிசை கலைந்ததும் வண்டியை மறுபடி மூலையில் வைத்துவிட்டோம். தேவைக்கு அழைத்துத் தேவை தீர்ந்ததும் தள்ளிவைப்பது, நண்பனிடத்திலும் நல்ல பண்பன்று; வண்டியினிடத்திலும் நல்ல பண்பன்று.

பெரியவர் ஒருவர் மீண்டும் வண்டியில் ஏறினால், “இந்த வயதில் ஏன் ஐயா?” என்று நாம் கேட்கிறோம். அன்பினால் கேட்கிறோம் என்பது உண்மையே. ஆனால் அந்த அன்பு அவரைக் கதிரையில் கட்டிப்போடுகிறது. அவர் வீதிக்கு வரத் தயங்குவதற்கு அவருடைய முழங்காலைவிட எமது மோட்டார் சைக்கிள்களின் வேகமே பெருங் காரணம் என்பதையும் நாம் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒழுங்கைத் திருப்பத்தில் ஹோர்ன் அடித்து விலத்திச் செல்லும் இளைஞன், வைத்தியர் எழுதிக்கொடுத்த மருந்தை ஒரு முதியவரின் கையிலிருந்து தட்டிவிடுகிறான்.

எனவே சங்கத்தின் முன் மூன்று யோசனைகளை வைக்கிறோம். ஒன்று, சனிக்கிழமை தோறும் காலையில் எமது மண்டபத்தில் பழைய வண்டிகளைக் கழுவி, எண்ணெய் விட்டு, ஒட்டுப்போட்டுக் கொடுப்போம். வேலை எம்முடையது, சாமானின் செலவு மாத்திரம் உரியவருடையது. இரண்டு, ஞாயிறு காலையில் பெரியோரும் இளைஞரும் சேர்ந்து உள்வீதிகளால் ஒரு சவாரி போவோம். முன்னே செல்பவர் கூட்டத்தில் மூத்தவராக இருக்கட்டும், அவருடைய வேகமே எல்லாருடைய வேகமாகட்டும். மூன்று, தனித்து வாழும் பெரியோரின் வீடுகளைச் சவாரியின் வழியில் சேர்த்துக்கொள்வோம். ஏற முடிந்தவர் ஏறட்டும். முடியாதவரோடு படலையில் நின்று ஐந்து நிமிடம் கதைத்துவிட்டு வருவோம்.

இவற்றுக்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. வண்டிகள் ஏற்கெனவே வீட்டுக்கு வீடு உண்டு. வீதிகள் சமதரையாக உண்டு. கைகள் எம்மிடம் உண்டு. பெரியோர்களே, உங்கள் வண்டிகளை வரும் சனிக்கிழமை கொண்டு வாருங்கள். காற்றடிக்க நாம் காத்திருப்போம்.