தரவரிசை எண் சொல்வது என்ன?



மே மாதம் வந்தால் ஊரில் ஒரே பேச்சுதான். "உங்க பொண்ணு எவ்வளவு மார்க்?" "கட்-ஆஃப் என்ன?" "ரேங்க் எத்தனை?" டீக்கடையிலும் இதே பேச்சு. குழாயடியிலும் இதே பேச்சு.

கேட்பவருக்கும் பொருள் தெரியாது. பதில் சொல்லும் தாய் தகப்பனுக்கும் சரியாகத் தெரியாது. தெரியாததால் சிலர் நகையை விற்று யாரிடமோ கொடுக்கிறார்கள். சிலர் கிடைக்கக்கூடிய இடத்தையும் விட்டுவிடுகிறார்கள். எனவே இந்த மூன்று சொற்களையும் இன்று தெரிந்துகொள்வோம்.

முதலில் மார்க். தமிழ்நாட்டில் பிளஸ் டூவுக்கு ஆறு பாடங்கள். பாடத்துக்கு 100. மொத்தம் 600.

அடுத்தது கட்-ஆஃப். என்ஜினீயரிங் படிப்புக்கு 600 மார்க்கும் கணக்கில் வராது. மூன்று பாடங்கள்தான் வரும். கணிதம் முழுதாக 100. இயற்பியலில் பாதி 50. வேதியியலில் பாதி 50. ஆக மொத்தம் 200.

ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். கணிதம் 84. இயற்பியல் 78, அதில் பாதி 39. வேதியியல் 82, அதில் பாதி 41. கூட்டினால் 164. இதுதான் அவளுடைய கட்-ஆஃப். அவளுடைய மொத்த மார்க் 510.

பக்கத்து வீட்டுப் பையனின் மொத்த மார்க் 480தான். ஆனால் கணிதம் 95, இயற்பியல் 86, வேதியியல் 84. அவனுடைய கட்-ஆஃப் 95, 43, 42. கூட்டினால் 180. மொத்த மார்க் குறைவாக இருந்தும் என்ஜினீயரிங் வரிசையில் அவனே முன்னால் நிற்கிறான். "என் மகள்தானே அதிக மார்க்? ஏன் பின்னால் போனாள்?" என்று தாய் கேட்டால், விடை இந்தக் கணக்கில் இருக்கிறது.

மூன்றாவது தரவரிசை. இதைத்தான் ரேங்க் என்கிறார்கள். விண்ணப்பித்த எல்லாரையும் கட்-ஆஃப்படி வரிசையாக நிறுத்துகிறார்கள். அந்த வரிசையில் பிள்ளை நிற்கும் இடமே ரேங்க். ஆண்டுதோறும் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் விண்ணப்பிக்கிறார்கள். ஒரே கட்-ஆஃபில் பல பேர் இருப்பார்கள். அப்போது கணித மார்க்கைப் பார்ப்பார்கள். பிறகு இயற்பியல் மார்க். மார்க் எல்லாமே சமமாக இருந்தால் வயதில் மூத்தவருக்கு முன்னிடம். பிறந்த தேதியும் ஒன்றாக இருந்தால், கம்ப்யூட்டர் கொடுத்த ஒரு எண்ணை வைத்து முடிவு செய்வார்கள்.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. ரேங்க் என்பது பிள்ளையின் அறிவை அளக்கும் படி அல்ல. அந்த ஆண்டு மற்றவர்கள் எவ்வளவு எடுத்தார்கள் என்பதையும் பொறுத்தது. சென்ற ஆண்டு 164-க்குக் கிடைத்த ரேங்க் இந்த ஆண்டு கிடைக்காமல் போகலாம். இதைவிட நல்ல ரேங்கும் கிடைக்கலாம். ஆகவே சென்ற ஆண்டுக் கணக்கைக் கேட்டுவிட்டு மனம் உடைய வேண்டாம்.

எல்லாப் படிப்புக்கும் இதே கணக்கா? இல்லை. அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் பெரும்பாலான படிப்புகளுக்கு மொழிப் பாடங்கள் இரண்டையும் விட்டுவிட்டு, மற்ற நான்கு பாடங்களின் 400 மார்க்கைப் பார்க்கிறார்கள். மருத்துவப் படிப்புக்கு இப்போது நீட் தேர்வு மார்க்தான் வரிசையை முடிவு செய்கிறது.

மாநிலத்துக்கு மாநிலமும் முறை மாறும். தமிழ்நாட்டில் முன்பு என்ஜினீயரிங்குக்கும் நுழைவுத் தேர்வு இருந்தது. பட்டணத்துப் பிள்ளைகள் பணம் கட்டித் தனிப் பயிற்சிக்குப் போனார்கள். கிராமத்து ஏழைப் பிள்ளைக்கு அதற்கு வழியில்லை. அதனால் 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அந்தத் தேர்வை நீக்கினார்கள். 2007 முதல் பிளஸ் டூ மார்க்கே போதும் என்று ஆனது. கர்நாடகத்தில் என்ஜினீயரிங்குக்கு நுழைவுத் தேர்வு மார்க் பாதி, பன்னிரண்டாம் வகுப்பு மார்க் பாதி என்று சேர்த்துப் பார்க்கிறார்கள். டெல்லிப் பல்கலைக்கழகம் நெடுநாள் பள்ளி மார்க்கையே பார்த்தது. 2021-இல் அங்கே சில கல்லூரிகளில் சில படிப்புகளுக்கு 100-க்கு 100 கேட்டார்கள்! 2022 முதல் பொது நுழைவுத் தேர்வுக்கு மாறிவிட்டார்கள். பிழைப்புக்காக வெளிமாநிலம் போன நம்மவர்கள், அந்த மாநிலத்து முறையைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிள்ளைக்குப் பொது ரேங்க் ஒன்று வரும். பிற்பட்டோர், மிகப் பிற்பட்டோர், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆகிய பிரிவுகளுக்குத் தனி ரேங்கும் வரும். தமிழ்நாட்டில் 69 சதவீத இடங்கள் இந்தப் பிரிவுகளுக்கு உண்டு. மீதி 31 சதவீதம் பொதுப்பிரிவு. "அது மேல்சாதிக்கு" என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. பொதுப்பிரிவில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் மார்க்கின்படி இடம் பெறலாம்.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு 7.5 சதவீத இடங்கள் தனியாக உண்டு. மருத்துவத்தில் 2020-இலும் என்ஜினீயரிங்கில் 2021-இலும் இது வந்தது. இந்த ஒதுக்கீட்டில் என்ஜினீயரிங் சேரும் பிள்ளைகளின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. பொது வரிசையில் வெகுதூரம் பின்னால் நிற்கும் பிள்ளை, இந்த வரிசையில் முன்னால் நிற்கலாம். எனவே எல்லா ரேங்கையும் பார்க்காமல் "இடம் கிடைக்காது" என்று முடிவு கட்டக் கூடாது.

இந்த நேரத்தில்தான் புரோக்கர் வருவான். "இந்த ரேங்குக்கு ஒன்றும் கிடைக்காது. இன்றைக்கே முன்பணம் கொடுங்கள். சீட் வாங்கித் தருகிறேன்" என்பான். தனியார் கல்லூரிகளில் நிர்வாக ஒதுக்கீடு என்று சில இடங்கள் உண்டு. அவன் அதைக் காட்டித்தான் பணம் கேட்கிறான். கவுன்சலிங்கில் போயிருந்தால் அதே கல்லூரியில் குறைந்த கட்டணத்தில் இடம் கிடைத்திருக்கலாம். நன்கொடை வாங்குவது தமிழ்நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நகையை அடகு வைக்கும் முன் கவுன்சலிங் முடியட்டும்.

கவுன்சலிங் எப்படி நடக்கிறது? 2018 முதல் கம்ப்யூட்டர் வழியாக நடக்கிறது. பிள்ளை தனக்கு வேண்டிய கல்லூரிகளையும் படிப்புகளையும் வரிசையாகக் குறிக்க வேண்டும். மிகவும் விரும்புவது முதலில் இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் ரேங்க் வரிசையில் ஒவ்வொருவராகப் பார்க்கும். பிள்ளையின் பட்டியலில் மேலிருந்து கீழே வந்து, காலியாக உள்ள முதல் இடத்தைக் கொடுக்கும். இரண்டு மூன்று மட்டும் குறித்தால் ஒன்றுமே கிடைக்காமல் போகலாம். நிறையக் குறிக்க வேண்டும். ஒரே மாதிரிப் பெயரில் பல கல்லூரிகள் இருக்கின்றன. பெயரோடு கல்லூரியின் குறியீட்டு எண்ணையும் படித்துப் பார்க்க வேண்டும். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை என்றால் கவலை இல்லை. மாவட்டங்களில் உதவி மையங்கள் இருக்கின்றன. ரகசியச் சொல்லை மட்டும் யாரிடமும் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அவன் குறிப்பதுதான் பிள்ளையின் கல்லூரி.

இடம் கிடைத்ததும் ஒரு சில நாட்களுக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். தேதி தவறினால் இடம் போய்விடும். ஒரு பாடத்தில் தவறிய பிள்ளையும் துணைத் தேர்வு எழுதித் தேறினால், துணைக் கலந்தாய்வில் கலந்துகொள்ளலாம்.

தமிழ்நாடு அரசு 2017-இல் பொதுத் தேர்வில் முதல் மூன்று இடங்களை அறிவிப்பதை நிறுத்தியது. பின்னால் நிற்கும் பிள்ளைகளின் மனம் நோகக் கூடாது என்பதே அதன் நோக்கம். வீட்டிலும் அப்படியே இருக்கட்டும். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுத் திட்ட வேண்டாம்.

தோழர்களே, நீங்கள் இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்கிறீர்கள். எண்ணும் தெரியும். பிள்ளையின் மார்க் பட்டியலை வாங்கிப் பாருங்கள். கட்-ஆஃபை நீங்களே கூட்டுங்கள். சாதிச் சான்றிதழ், அரசுப் பள்ளியில் படித்த சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றை இப்போதே வாங்கி வையுங்கள். கடைசித் தேதியைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். படிக்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.