சிக்கனமும் சுகமும்: எமது வீடுகளுக்குள் ஒரு பார்வை
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



மருத்துவத்துறையில் பணியாற்றும் பழைய மாணவிகளின் சார்பில் பேசும்படி சங்கம் கேட்டுக்கொண்டது. பெரிய வைத்தியசாலைகளைப் பற்றிப் பேசாமல், நாம் எல்லோரும் நன்கு அறிந்த எமது வீடுகளைப் பற்றிப் பேசலாம் என எண்ணினோம்.

மன்னார் வீடுகளில் எந்தப் பொருளும் இலகுவில் குப்பைக்குப் போவதில்லை. பனஞ் சார்வோலையில் இழைத்த பெட்டியும் கடகமும், மீன் வாங்கக் கொண்டுபோகும் உமலும், பிட்டு அவிக்கும் நீற்றுப்பெட்டியும் எமது பெண்களின் கைவேலை. கடகத்தின் விளிம்பு கழன்றால் நார்கொண்டு பொத்துவோம். அடியும் இற்றுப்போனால் அது எரு அள்ளப் பயன்படும். கரையோர வீடுகளில் கிழிந்த வலை கத்தரிக் கன்றுகளுக்கு வேலியாகிறது. அம்மாவின் பழஞ்சேலை பிள்ளைக்கு ஏணையாகி, பின்னர் அடுப்படியில் பிடிதுணியாகிறது. ஒட்டுத் தெரியாமல் ஒட்டுப்போட இந்தப் பாடசாலையின் தையல் வகுப்பில்தான் எம்மிற் பலர் கற்றோம்.

இந்தக் கைவேலை வெறும் பொழுதுபோக்கு அல்ல. 1990இல் தொடங்கிய இடப்பெயர்வுகளின்போதும், 2022இல் மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்றபோதும் எமது அடுப்புகளை எரியவைத்தது இதுதான். ஆகவே சிக்கனத்தைக் கைவிடுங்கள் என்று நாம் சொல்லவரவில்லை. எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் பிடிக்கக் கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும் என்பதே எமது வேண்டுகோள். மூன்று விடயங்களைச் சொல்கிறோம்.

முதலாவது, வெற்றுப் போத்தல். மூடியில் துளையிட்டுத் திரி போட்ட ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள் இந்தச் சபையில் நிறைய இருக்கிறீர்கள். அந்த விளக்கு சரிந்தால் எண்ணெய் சிந்தும், தீ பற்றும். இலங்கையில் இப்படி எரிகாயம் பட்டு வந்தவர்களைக் கண்ட சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, குட்டையும் பாரமுமான ஒரு கண்ணாடி விளக்கை வடிவமைத்தார். அதன் இரு பக்கமும் தட்டை. ஆகவே சரிந்தாலும் உருளாது. திருகு மூடி இருப்பதால் எண்ணெயும் சிந்தாது. மார்மைட் போத்தலின் வடிவமே அவருக்கு வழி காட்டியது. ‘சுதீபா’ என்ற அந்த விளக்குக்காக 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. ஏழை வீட்டுக்கு விலை குறைந்த பொருளைக் கொடுத்தால் போதாது, அது பாதுகாப்பானதாகவும் இருக்க வேண்டும் என்று அவர் நினைத்தார்.

போத்தல் பற்றி இன்னுமொன்று. குளிர்பானப் போத்தலில் மண்ணெண்ணெயோ வயலுக்கு அடிக்கும் மருந்தோ ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தில் வரும் பிள்ளைக்குப் போத்தல்தான் தெரியும், உள்ளே இருப்பது தெரியாது. மண்ணெண்ணெய் குடித்த பிள்ளையை வாந்தியெடுக்க வைக்கவும் கூடாது. அது நுரையீரலுக்குள் போய்விடும். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுவாருங்கள்.

இரண்டாவது, தேக்கி வைக்கும் தண்ணீர். 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடு என உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அதே ஆண்டு முடிவதற்குள், மலேரியாவைப் பரப்பவல்ல அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற நுளம்பு இந்நாட்டில் முதன்முதலாக எமது மன்னாரிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. அது வீட்டுக் கிணற்றிலும் சீமெந்துத் தொட்டியிலும் பெருகும். இங்கே எமது கைவேலை உதவும். பழைய நுளம்பு வலையை ஒட்டுப்போட்டுக் கிணற்று வாய்க்கும் தொட்டிக்கும் இறுக்கமாகக் கட்டலாம். மீன் வலை போதாது, அதன் கண் பெரியது. பயன்படும் என்று முற்றத்தில் சேர்த்து வைத்திருக்கும் தகரம், சிரட்டை, ரயர் ஆகியவற்றைக் கவிழ்த்து வையுங்கள். டெங்கு நுளம்புக்குச் சிரட்டைத் தண்ணீரே போதும். நாய்க்குத் தண்ணீர் வைக்கும் சட்டியையும் கிழமைக்கு ஒருமுறை உரஞ்சிக் கழுவுங்கள்.

மூன்றாவது, அந்த நாயே. எமது வீட்டுச் சிக்கனத்தில் அதற்கும் பங்கு உண்டு. மீந்த சோறும் மீன் தலையும் அதற்குச் சாப்பாடு, கிழிந்த சாக்கு படுக்கை, பழைய வலைக்கயிறு கட்டும் கயிறு. அதற்குக் கைமாறாக இரவெல்லாம் வாசலைக் காக்கிறது, பிள்ளைகளோடு படலை வரை ஓடுகிறது. இவ்வளவு செய்யும் எமக்கு, ஆண்டுக்கொரு முறை போடவேண்டிய விசர்நாய்த் தடுப்பூசி மட்டும் மறந்துபோகிறது. “வீட்டு நாய்தானே”, “குட்டிதானே” என்கிறோம். குட்டியிலிருந்தும் அந்நோய் பரவும். உலகில் மனிதருக்கு வரும் இந்நோயில் நூற்றுக்கு 99 வரை நாயாலேயே வருகிறது. அறிகுறி தோன்றியபின் காப்பாற்ற எம்மிடம் மருந்து இல்லை. ஆனால் கடித்த அன்றே வந்தால் தடுக்க மருந்து இருக்கிறது.

1973இல் இலங்கையில் 377 பேர் இந்நோயால் இறந்தார்கள். இன்று அந்தத் தொகை மிகவும் குறைந்துவிட்டது. நாய்களுக்கும் கடிபட்டவர்களுக்கும் அரசு இலவசமாகப் போடும் ஊசியே அதற்குப் பெருங்காரணம். எனவே இதில் மிச்சம் பிடிப்பதற்குப் பணமே இல்லை, மிஞ்சுவது சோம்பல் மட்டுமே.

நாய் கடித்தால் மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, கோப்பித்தூள் எதுவும் பூசாதீர்கள். சவர்க்காரம் போட்டு, தண்ணீரை விட்டு விட்டு 15 நிமிடம் கழுவுங்கள். பிறகு வைத்தியசாலைக்கு வாருங்கள். கீறலுக்கும், புண்ணில் நாய் நக்கியதற்கும் வாருங்கள். தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட காலம் போய்விட்டது, இப்போது கையில்தான் போடுகிறோம். கடித்த நாயை அடித்துக் கொல்லாமல், கட்டிவைத்து 14 நாட்கள் கவனியுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. ஏச்சு விழும் என்ற பயத்தில் கடியை மறைக்கும் பிள்ளைகள் உண்டு. நோய் வெளிப்படச் சில மாதங்களும் ஆகலாம். அதற்குள் அந்தச் சின்னக் காயம் ஆறி, எல்லோருக்கும் மறந்துவிடும். “நாய் கடித்தால் வந்து சொல்லு, அடிக்கமாட்டோம்” என்று இன்றிரவே உங்கள் பிள்ளையிடம், பேரப்பிள்ளையிடம் சொல்லிவையுங்கள்.

செப்டெம்பர் 28 உலக விசர்நாய்க்கடி நோய் தினம். சங்கத்தின் இரண்டாவது நூற்றாண்டில், ஆண்டுதோறும் அந்த நாளில் ஒவ்வொரு பழைய மாணவியும் தன் வீட்டு நாயின் ஊசி அட்டையை எடுத்துப் பார்க்க வேண்டும், அயல்வீட்டு அட்டையையும் விசாரிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். அட்டையை வைக்கப் புதிதாக எதுவும் வாங்கவேண்டாம், சுவரில் தொங்கும் ஓலைப்பெட்டி போதும்.