அப்பச்சியோட வெப்சைட்டும் எங்க வீட்டுக் கணக்கும்

இந்த எபிசோட் ஒரு வெப்சைட்டைப் பற்றியது. மொத்தம் 41 பக்கம். ஒரு நாளைக்கு நாலு பேர் பார்த்தா பெரிய விஷயம், அதுல ரெண்டு பேர் எங்க சொந்தக்காரங்களா இருப்பாங்க. அதை 2000-ஆம் வருஷம் தொடங்கினது என் அப்பச்சி. செட்டிநாட்டு நகரத்தார் வீடுகள்ல அப்பாவை அப்பச்சின்னுதான் கூப்பிடுவோம். சென்னையில பள்ளிக்கூடத்துல நான் அப்படிச் சொன்னப்ப எல்லாரும் தாத்தாவைச் சொல்றேன்னு நினைச்சாங்க. அது வேற கதை.

அப்பச்சி பேங்க்ல வேலை பார்த்தவர். வீட்டுக்கு டயல்-அப் இணைப்பு வந்ததும் அவர் செஞ்ச முதல் காரியம், ஜியோசிட்டீஸ்ல ஒரு இலவசப் பக்கம் திறந்தது. இப்ப கேட்கிற பல பேருக்கு இந்தப் பேரே தெரியாது. 1994-ல தொடங்கின கம்பெனி. யார் வேணும்னாலும் தனக்குன்னு ஒரு பக்கம் வெச்சுக்கலாம். 1999-ல யாஹூ அதை 300 கோடி டாலருக்கு மேல கொடுத்து வாங்கினாங்க, பத்து வருஷம் கழிச்சு 2009 அக்டோபர்ல மூடினாங்க. மூடப்போறதா ஏப்ரல்லயே சொல்லிட்டாங்க. அப்பச்சி அந்த மாசமே சொந்த டொமைன் வாங்கி எல்லாத்தையும் மாத்திட்டார். கணக்கு எழுதற குடும்பம், பேரேட்டை வெளியாள் வீட்டுல விட்டுட்டு வரமாட்டோம்னு சொன்னார்.

அந்தப் பக்கங்கள்ல என்ன இருந்துச்சு? எங்க வீட்டுப் படம், முகப்புல இருந்து வளவு வரைக்கும். எங்க ஐயாவோட அப்பா பர்மாவுல லேவாதேவி செஞ்ச காலத்துக் கதைகள். 1930-களோட மந்தத்துல கடன் வாங்கின விவசாயிகளால திருப்பிக் கொடுக்க முடியாம, கீழ் பர்மாவுல நெல் வயல்ல கிட்டத்தட்ட கால் பங்கு செட்டியார்கள் கைக்கு வந்தது. அதைப் பெருமையா எழுதற ஆட்கள் நிறைய. அப்பச்சி எழுதல. "நிலம் வந்தது, கூடவே கோபமும் வந்தது"ன்னு ஒரே வரி. அப்புறம் 1942-ல ஜப்பான்காரங்க வந்ததும் நடந்தே ஊர் திரும்பினவங்களைப் பற்றி மூணு பக்கம். அந்த மூணு பக்கம்தான் சைட்டுல எனக்குப் பிடிச்சது.

ஆனா அவரோட உயிர் வம்சாவளியிலதான். அது சாதாரண வேலை இல்லைங்க. எங்கள்ல மூத்த பையனுக்கு ஐயா பேரை வைப்பாங்க. அதனால ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பேர் வரும். ஒரே பேர்ல ஆறு பேர் இருக்காங்க எங்க மரத்துல! பேருக்கு முன்னாடி வர்ற விலாசம், அதாவது முன்னோர் பேர்களோட முதலெழுத்து வரிசை, அதை வெச்சுத்தான் பிரிச்சுப் பார்க்கணும். இதுல பிள்ளை கூட்டிக்கிறது வேற. வாரிசு இல்லாத வீட்டுக்குப் பங்காளி வீட்டுல இருந்து பையனைச் சுவீகாரம் எடுக்கிறது ரொம்ப சகஜம். பெத்த அப்பா ஒருத்தர், வளர்த்த அப்பா ஒருத்தர். எச்டிஎம்எல் டேபிள்ல ஒரு ஆளை ரெண்டு கட்டத்துல எப்படிப் போடுவீங்க? அப்பச்சி சிவப்புக் கோடு, நீலக் கோடுன்னு படமா வரைஞ்சு ஏத்தினார்.

இப்பத்தான் விஷயத்துக்கு வர்றேன். நகரத்தார்ல ஒன்பது கோயில் உண்டு. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி இப்படி. கல்யாணத்துக்குக் கோயில்ல இருந்து மாலை வரும், அதோட அந்தத் தம்பதி ஒரு புள்ளியாகக் கணக்குல ஏறுவாங்க. கல்யாணம் ஆனாத்தான் புள்ளி. வெளியில கட்டிக்கிட்டா புள்ளி கிடையாது. எங்க அயித்தை, அப்பச்சியோட கூடப்பிறந்த தங்கச்சி, 1983-ல வெளியில கட்டிக்கிட்டாங்க.

அப்பச்சி வம்சாவளியில அயித்தையைப் போட்டார், மாமாவைப் போட்டார், அவங்க மகளையும் பிறந்த தேதியோட போட்டார். அவ்வளவுதான், போன் வர ஆரம்பிச்சது. பெரியப்பச்சி ஒருத்தர் காரைக்குடியில இருந்து பேசினார். "தம்பி, அந்த வரியை எடுத்துரு, நாளைக்கு நம்ம பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசறப்ப இடைஞ்சல்." அப்பச்சி குரலை உயர்த்தாம சொன்னது இது: "அண்ணே, புள்ளிக் கணக்கு கோயிலோடது. இது என் வீட்டுக் கணக்கு." ரெண்டு வருஷம் பெரியப்பச்சி எங்க வீட்டுக்கு வரல. வரி அப்படியே இருந்துச்சு.

நடுவுல தொழில்நுட்பக் கதை ஒண்ணு, சுருக்கமா. அந்தக் காலத்துல தமிழ் யூனிகோடு பரவலா இல்ல. அப்பச்சி திஸ்கி எழுத்துருவுல தட்டினார். எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டர்ல திறந்தா கொம்பு வெச்ச ஐரோப்பிய எழுத்துக்களா வரும். அதனால முதல் பக்கத்துல "முதலில் எழுத்துருவை இறக்கிக்கொள்ளவும்"னு ஒரு பலகை. திஸ்கியில "கொ"ன்னு எழுதினா கண்ணுக்குத் தெரியற வரிசையில கொம்பு முதல்ல, க அப்புறம், கடைசியில கால். யூனிகோடுல க முதல்ல, உயிர்க்குறி பின்னாடி. வெறும் எழுத்துருவை மாத்தினா போதாது, முழுசா மாற்றி எழுதணும். அதுக்கு இணையத்துல நல்ல மாற்றிகள் இருக்கு. போன வருஷம் நான் 41 பக்கத்தையும் மாத்தினேன். அதுவரைக்கும் கூகுள்ல தேடினா எங்க வீட்டுல யார் பேரும் கிடைக்காது. மாத்தின பிறகு எல்லாரும் கிடைச்சாங்க.

கிடைச்சதும் அயித்தை மகள் எனக்குப் போன் பண்ணினாள். என்னைவிட ரெண்டு வயசு பெரியவ. "ஏண்டி, என் பேரைத் தேடினா என் பிறந்த தேதி, அம்மா பேர், வீட்டுக்காரர் பேர், ஊர் எல்லாம் வருது. கஸ்டமர் கேர்ல இதைத்தானே கேட்டு நீதானான்னு சரிபார்க்கிறாங்க? எடுத்துரு." அவ சொன்னது சரி. 2023-ல வந்த தனிநபர் தரவுச் சட்டம் சொந்த, வீட்டு உபயோகத்துக்கு விலக்கு கொடுக்குது. ஆனா உலகத்துக்கே திறந்து வெச்ச பக்கம் வீட்டு உபயோகமா? சட்டத்தை விடுங்க, அவளோட பேர், அவ வேண்டாம்ங்கிறா.

இதை அப்பச்சிகிட்ட யார் சொல்றது? எந்த வரிக்காகக் கூடப்பிறந்த மாதிரி இருந்த அண்ணனைப் பகைச்சாரோ, அதே வரியை எடுக்கச் சொல்றது அந்த வீட்டுப் பொண்ணே. நான்தான் சொன்னேன். அவருக்கு இப்ப 74 வயசு. ரொம்ப நேரம் பேசல. உயிரோட இருக்கிறவங்க பேரை எடுத்துட்டு "மகள் ஒருத்தி"ன்னு போடலாமான்னு கேட்டேன். நிறைய வம்சாவளி சைட்டுல அப்படித்தான் செய்யறாங்க. அதுக்குத்தான் கோபம் வந்தது. "பழைய ஏட்டுல பூரா அதான் ஆத்தா எழுதியிருக்கான். மகன்னா பேர், மகள்னா ஒருத்தி. அந்த ஒருத்திகளுக்குப் பேர் தேடி நான் ஊர் ஊரா அலைஞ்சேன்."

உண்மைதான். எங்க ஐயாவோட அப்பத்தா பேரைக் கண்டுபிடிக்க அவருக்கு நாலு வருஷம் ஆச்சு. கடைசியில ஒரு கல்யாணத்துல எழுதின இசைகுடிமானத்துல கிடைச்சது.

அப்புறம் அவரே அயித்தை மகளுக்குப் போன் போட்டார். நான் பக்கத்துல இல்ல, அவ சொல்லித்தான் தெரியும். "உன் பேர் உன் சொத்து. எதை வைக்கணும், எதை எடுக்கணும், நீ சொல்லு, தங்கச்சி செய்வா"ன்னாராம். அவ ஒரு நாள் யோசிச்சுட்டு மெசேஜ் அனுப்பினாள். தேதி வேண்டாம், ஊர் வேண்டாம், வீட்டுக்காரர் பேர் வேண்டாம். என் பேர் இருக்கட்டும்.

இப்ப அந்தக் கட்டத்துல பக்கத்துல யாரும் இல்லாம அவ பேர் மட்டும் நிக்குது. கல்யாணம் ஆகாத என் பேரும் அதே மாதிரிதான் நிக்குது. இப்ப உயிரோட இருக்கிற 63 பேருக்கும் இதே கேள்வியைக் கேட்டுக்கிட்டு இருக்கேன். 38 பேர் பதில் சொல்லிட்டாங்க. பெரியப்பச்சியும் ஒருத்தர். அவர் தன்னோட தேதி, ஊர், போட்டோ எல்லாம் இருக்கட்டும்னுட்டார், போட்டோ மட்டும் புதுசா வேணுமாம். முழு விவரமும் உள்ள பிரதியைத் தாள்ல அச்சடிச்சு வீட்டுக்கு ஒண்ணு கொடுக்கப்போறோம். அதோட அட்டையில என்ன எழுதறதுன்னு அப்பச்சி இன்னும் முடிவு பண்ணல.